வேக்யூம் போட்டதாகச் சொல்லி ஏமாற்றினார்கள், 11,400 போச்சு: புது ஸ்ப்ளிட் ஏசி மாட்டப்போகிறவர்கள் படியுங்கள்

வயிறு எரிந்துபோய் எழுதுகிறேன். என் புகாரை இன்று மதியம் நான்காவது முறையாக மூடியிருக்கிறார்கள். "தீர்க்கப்பட்டது" என்று பச்சை எழுத்தில் வந்து நிற்கிறது. ஒன்றும் தீரவில்லை. 11,400 போனது போனதுதான்.

நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. வீட்டுக்கு மெக்கானிக் அனுப்பும் ஆப்களில் ஒன்று, அவ்வளவுதான். புது ஸ்ப்ளிட் ஏசி, ஆர்32 கேஸ், ஐந்து மீட்டர் காப்பர் பைப். மாட்டுக்கூலிக்கு மேல் "வேக்யூம் உட்பட" என்று தனியாகக் கட்டணம் வாங்கினார்கள். வேக்யூம் என்றால், கேஸைத் திறந்துவிடும் முன் பைப்பிலும் இண்டோரிலும் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுப்பது. வந்தவர் பையைத் திறந்ததும் உள்ளே டபுள் ஸ்டேஜ் வேக்யூம் பம்ப் இருந்தது, அழுத்தம் பார்க்கும் மேனிஃபோல்டு கேஜ் இருந்தது. நம்பியது அந்த இடத்தில்தான். நிறைய பேர் பம்பே கொண்டுவருவதில்லை. அவுட்டோர் வால்வைக் கொஞ்சம் திறந்து, அதிலிருக்கும் கேஸாலேயே பைப்பில் உள்ள காற்றை "உஷ்" என்று வெளியே தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் பம்பைத் தூக்கி வைத்ததைப் பார்த்ததும், வேலை தெரிந்தவர் என்று நினைத்து உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது பம்ப் நின்றிருந்தது. நீலக் கேஜின் முள் மைனஸ் 30 இஞ்ச் மெர்குரியில் நின்றது. "பாருங்க சார், ஃபுல் வேக்யூம். பத்து நிமிஷம் ஆஃப் பண்ணி வெச்சேன், முள்ளு அசையல" என்றார். தலையாட்டினேன்.

வேலை முடிந்ததற்கு ஆதாரமாக ஆப்பில் ஒரு வீடியோ ஏற்ற வேண்டுமாம். அவர் ஏற்றிய 11 விநாடி வீடியோவே அவரைக் காட்டிக்கொடுக்கிறது. பம்ப் சுவிட்சைப் போட்டதும் முள் ஒரே நொடியில் பூஜ்யத்திலிருந்து அடிமட்டத்துக்கு விழுகிறது. ஐந்து மீட்டர் பைப்பும் இண்டோர் காயிலும் சேர்ந்த இடத்திலிருந்து காற்றை உறிஞ்சினால் முள் அப்படி விழாது. கால் இஞ்ச் ஹோஸ் வழியாக, அவுட்டோரில் ஹோஸை மாட்டும் சர்வீஸ் போர்ட்டின் சின்ன ஓட்டை வழியாகக் காற்று வர வேண்டும். முள் நிதானமாக இறங்கும், கடைசிப் பகுதியில் நகர்வதே தெரியாது. ஒரு நொடியில் விழுந்தால் காலியானது ஹோஸ் மட்டும்தான்.

எப்படி என்று சொல்கிறேன். ஆர்32, ஆர்410ஏ மெஷின்களின் சர்வீஸ் போர்ட் 5/16 இஞ்ச். பழைய ஹோஸ்களின் முனை கால் இஞ்ச். நடுவில் ஒரு பித்தளை அடாப்டர் வேண்டும். போர்ட்டுக்குள் கார் டயர் வால்வில் இருப்பது போன்ற ஓர் ஊசி இருக்கிறது. அடாப்டரின் உள்ளே இருக்கும் குச்சி அந்த ஊசியை அழுத்தினால்தான் வழி திறக்கும். குச்சி தேய்ந்திருந்தாலோ உடைந்திருந்தாலோ, முழுவதும் திருகாமல் விட்டாலோ ஊசி மூடியே கிடக்கும். பம்ப் ஓடும், சத்தம் வரும், முள் விழும், பைப்புக்குள் இருக்கும் காற்று அப்படியே இருக்கும். அதைவிடக் கொடுமை, பம்பை நிறுத்திப் பார்க்கும் அந்தப் பத்து நிமிடச் சோதனையிலும் முள் அசையாது. மூடிய ஹோஸுக்குள் இருக்கும் வேக்யூம் எங்கே போகும்? பைப்பை மெஷினோடு இணைக்கும் ஃப்ளேர் நட் லீக் ஆனாலும் அது காட்டாது. வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடாப்டரை மாட்டும் முன் உள்பக்கம் கேமராவுக்குத் தெரிகிறது. நடுவில் குச்சியே இல்லை. வெறும் ஓட்டை.

அதன் பிறகு அவர் ஆலன் கீ போட்டு அவுட்டோரின் இரண்டு வால்வையும் திறந்துவிட்டார். பைப்பிலும் இண்டோரிலும் இருந்த காற்றும் ஈரமும் சுத்தமான கேஸோடு கலந்தாயிற்று. அந்த நிமிடத்துக்குப் பிறகு பம்பை மறுபடி மாட்டிப் பயனில்லை, கேஸ் முழுவதையும் எடுத்துவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும்.

"கொஞ்சம் காற்று இருந்தா என்ன சார்" என்று கேட்டார் ஆப்பின் உதவி மையத்தில் பேசியவர். என்ன ஆகும் என்று அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். கேஸ் அவுட்டோர் காயிலில் திரவமாக மாறும், காற்று மாறாது. அது அங்கேயே அடைத்துக்கொண்டு இடத்தைத் தின்னும். ஹை சைடு, அதாவது அவுட்டோர் காயில் பக்கத்து அழுத்தம் ஏறும், கம்ப்ரசர் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், குளிர்ச்சி குறையும். ஈரம் அதைவிட மோசம். இந்த மெஷின்களில் பெரும்பாலும் ஊற்றுவது பாலியோல் எஸ்டர் எண்ணெய். அது ஈரத்தைக் குடிக்கும். குடித்த ஈரமும் கம்ப்ரசரின் சூடும் சேர்ந்தால் எண்ணெய் சிதைந்து அமிலமாகும். அமிலம் மோட்டார் வைண்டிங்கின் மேல்பூச்சை அரிக்கும். பழைய ஆர்22 மெஷின்களில் இருந்த மினரல் ஆயில் இவ்வளவு ஈரம் குடிக்காது. "நாங்க இருபது வருஷமா இப்படித்தான் பண்றோம்" என்பவர்கள் அந்தக் காலத்துப் பழக்கத்தை இந்தக் காலத்து எண்ணெயின் மேல் காட்டுகிறார்கள். கேஸை உஷ் என்று விட்டுக் காற்றைத் தள்ளலாம், பைப்பின் உள்சுவரில் ஒட்டிய ஈரத்தைத் தள்ள முடியாது. ஆர்32 தீப்பிடிக்கக்கூடிய கேஸ் வேறு, அதைப் போய் இப்படித் திறந்துவிடுகிறார்கள்.

மாட்டிய பத்தொன்பதாம் நாள் கோளாறு வெளியே வந்தது. நாற்பது நிமிடம் ஜில்லென்று காற்று வரும். பிறகு வெறும் ஃபேன் காற்று. அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் மறுபடி குளிரும். மறுபடி நிற்கும். சாதாரணமாக ஓடும் ஏசியில் இண்டோர் காயில் பூஜ்யம் டிகிரிக்கு மேலேதான் இருக்கும். இங்கே ஃப்ளேர் வழியாகக் கேஸும் கசிந்திருந்தது. கேஸ் குறைந்ததால் அழுத்தம் குறைந்து, வெப்பநிலை பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போய், உள்ளே இருந்த ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வின் (திரவக் கேஸ் அழுத்தம் குறைந்து குளிரும் குறுகிய வழி) வாயில் உறைந்து அடைத்துக்கொண்டது. நிறுத்தினால் உருகி வழிவிட்டது. இரண்டு தப்பும் கைகோத்துக்கொண்டன.

முதல் புகாருக்கு வந்த பதில்: "புது மெஷின் சார், செட் ஆக நாள் ஆகும்." ஏசி செட் ஆவதென்று ஒன்று கிடையாது. இரண்டாவது புகாருக்கு வேறொருவரை அனுப்பினார்கள். அவர் வந்து "கேஸ் கம்மியா இருக்கு" என்று சொல்லி, தராசு வைக்காமல், கேஜைப் பார்த்து கண்மதிப்பில் கேஸ் ஏற்றினார். ஹோஸில் இருந்த காற்றைக்கூட வெளியேற்றவில்லை, அதுவும் சேர்ந்து உள்ளே போயிருக்கும். லீக் எங்கே என்று தேடவில்லை. அதற்கும் பில். மூன்றாவது முறை கேட்டபோது மாட்டிய வேலைக்கு வாரண்டி ஏழு நாள்தான், முடிந்துவிட்டது என்றார்கள். ஏழு நாளில் வெளியே தெரியாத தப்புக்கு ஏழு நாள் வாரண்டி. ஏசி கம்பெனியைக் கேட்கச் சொன்னார்கள். ஏசி கம்பெனியைக் கேட்டால் மாட்டியதில் வந்த கோளாறுக்கு நாங்கள் பொறுப்பில்லை, மாட்டியவரைக் கேளுங்கள் என்கிறார்கள். நான்காவது முறை அந்த வீடியோவையே இணைத்து, எந்த விநாடியில் எதைப் பார்க்க வேண்டும் என்று குறித்து அனுப்பினேன். இன்று மதியம் மூடிவிட்டார்கள். யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். மாட்டியதற்கு ஒன்று, கேஸ் ஏற்றியதற்கு ஒன்று, வெளி ஆளை வைத்து எல்லாவற்றையும் கழற்றித் திரும்பச் செய்ததற்கு ஒன்று. மொத்தம் 11,400.

அந்த வெளி ஆள் செய்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டிய வேலை அதுதான். மெஷினை நிறுத்தி, வெயில் போன பிறகு நான்கு மணி நேரம் விட்டுவிட்டு, டிஜிட்டல் கேஜ் மாட்டினார். உள்ளேயும் வெளியேயும் 30 டிகிரி. அந்த வெப்பத்தில் சுத்தமான ஆர்32 சுமார் 265 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். 276 காட்டியது. "கூட இருக்கிறது காத்து" என்றார், அவ்வளவுதான் பேசினார். கேஸை ரெக்கவரி சிலிண்டரில் எடுத்தார். இண்டோர் பக்கத்து ஃப்ளேரைக் கழற்றியதும் டெஃப்லான் டேப் சுற்றியிருந்தது. ஃப்ளேர் மூட்டு அடைப்பது திரெட்டில் இல்லை, செம்பு வாய் பித்தளையோடு முகத்துக்கு முகம் உட்காருவதில்தான். அங்கே டேப்புக்கு வேலையே இல்லை. பைப் வெட்டிய பிசிறும் உள்ளே அப்படியே இருந்தது. புதிதாக வெட்டி, பைப்பின் வாயைக் கீழே பார்க்கப் பிடித்துப் பிசிறை எடுத்து, ஃப்ளேர் முகத்தில் எண்ணெய் தடவி, டார்க் ரெஞ்சில் இறுக்கினார். கால் இஞ்சுக்கு சுமார் 15 நியூட்டன் மீட்டர், 3/8க்கு சுமார் 35. நைட்ரஜன் ஏற்றி 400 பிஎஸ்ஐயில் சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்த்தார். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜனை யாராவது ஏற்ற வந்தால் விரட்டுங்கள். எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்.

பிறகு பம்ப். வேக்யூமை நுணுக்கமாக அளக்கும் மைக்ரான் கேஜைப் பம்பின் பக்கத்தில் மாட்டவில்லை, பம்புக்கு எட்டத்தில், மெஷின் பக்கம் மாட்டினார். சாதாரண முள் கேஜில் ஒரு இஞ்ச் மெர்குரி என்பது 25,400 மைக்ரான். நமக்கு வேண்டியதோ 500க்குக் கீழே. 5,000 மைக்ரானுக்கும் 500க்கும் உள்ள வித்தியாசம் முள் கேஜில் முள்ளின் தடிமனுக்குள் மறைந்துவிடும். என் வீட்டில் அந்த எண் 4,600 பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. பம்பில் கோளாறா என்று கேட்டேன். உள்ளே தண்ணீர் பனிக்கட்டியாகிவிட்டது என்றார். பூஜ்யம் டிகிரியில் நீரின் ஆவி அழுத்தம் கிட்டத்தட்ட அதேதான், பனி இருக்கும்வரை எண் அங்கேயே தொங்கும். ஒரு கிராம் தண்ணீர் 1,000 மைக்ரானில் ஆயிரம் லிட்டருக்கும் மேல் ஆவியாக விரியும். ஒரு சொட்டே ஐம்பது லிட்டர். முதல் ஆள் கொஞ்ச நேரம் ஓட்டிய பம்ப், வழி திறந்திருந்தாலும் எதை இழுத்திருக்கும்? அவர் நைட்ரஜன் விட்டு வேக்யூமை உடைத்து, காயிலைச் சூடாக்கி, மறுபடி இழுத்தார். மூன்று முறை. நடுவில் பம்ப் எண்ணெய் பால் மாதிரி வெளுத்துப்போய், மாற்றினார். கடைசியில் 380. பம்பை அடைத்துப் பதினைந்து நிமிடம் கழித்து 440. அதன் பிறகு மெஷினின் பிளேட்டில் போட்டிருக்கும் எடைக்குத் தராசு வைத்துக் கேஸ் நிரப்பினார். இப்போது குளிர்கிறது. ஆனால் எண்ணெய் குடித்த ஈரத்தை எந்தப் பம்பும் முழுதாக வெளியே எடுக்காது, கம்ப்ரசருக்கு எவ்வளவு ஆயுள் போனது என்பது இனிமேல்தான் தெரியும். அதற்கு யார் பணம் தருவார்கள்?

விரிவாக ஒரு செய்முறை எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை, அவசரத்துக்கு இவ்வளவு:

அடாப்டரை மாட்டும் முன் கையில் வாங்கி உள்ளே குச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

மைக்ரான் கேஜ் இல்லை என்றால் வேறு ஆளைக் கூப்பிடுங்கள். 500க்குக் கீழே இறங்கி, பம்பை அடைத்த பிறகும் பத்து நிமிடம் கிட்டத்தட்ட அங்கேயே நிற்க வேண்டும். கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றால் ஈரம். நிற்காமல் ஏறினால் லீக்.

பைப்பின் இரண்டு வாயும் மாட்டும் நிமிடம்வரை மூடியிருக்க வேண்டும். திறந்த வாயோடு பைப்பைச் சுவர் ஓட்டையில் நுழைக்க விடாதீர்கள்.

பின்னால் யாராவது கேஸ் ஏற்ற வந்தால் முதலில் தராசைக் கேளுங்கள், அதற்கு முன் லீக் எங்கே என்று கேளுங்கள்.

பம்ப் ஓடும்போது அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். ஆலன் கீயை மெக்கானிக் கையில் எடுக்கும் முன் மைக்ரான் எண்ணை உங்கள் கண்ணால் பாருங்கள்.