கல்லடியில் ஏழு ஆண்டு வீட்டு இணையம்: அறுந்த நேரங்களின் கணக்கு

மட்டக்களப்புக் கல்லடியில், ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலும் கிடக்கும் மணல் ஒழுங்கையொன்றில் எங்கள் வீடு இருக்கிறது. 2018 இன் நடுப்பகுதியில் செம்புத் தொலைபேசிக் கம்பி வழியான ஏடிஎஸ்எல் இணைப்பை எடுத்தோம். 2023 இல் அதே நிறுவனத்தின் ஃபைபர் (கண்ணாடி இழை) இணைப்புக்கு மாறினோம். இந்த ஏழு ஆண்டுகளில் வேகத்தைப் பற்றி நான் பெரிதாகக் குறைப்பட்டதில்லை. என் தொல்லையெல்லாம் இடையிடையே அறுந்துபோவதுதான். நாள் முழுவதும் இணையம் இல்லையென்றால் யாராவது வந்து பார்ப்பார்கள். மூன்று நிமிடம் போய் வந்தால், முறைப்பாட்டு இலக்கத்துக்கு அழைத்து மறுமுனையில் ஒருவர் பேசத் தொடங்குவதற்குள் அது திரும்பி வந்திருக்கும்.

முதல் இரண்டு ஆண்டுகளில் நான் செய்தவை பெரும்பாலும் வீண்செலவு. அறுந்தபோதெல்லாம் ரவுட்டரை அணைத்துப் போட்டேன். பிறகு ரவுட்டரை மாற்றினேன், மாற்றியதையும் மாற்றினேன். 2020 இல் ஊரடங்கு வந்து மகளின் வகுப்புகள் ஸூம் வழியாக நடக்கத் தொடங்கியபோது, பாதி வகுப்பில் அவள் முகம் உறைந்து நிற்பதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல், ஒரு சீஆர் கொப்பியை எடுத்து ரவுட்டருக்கு அருகில் வைத்தேன். அறுந்த நேரம், திரும்பி வந்த நேரம், அப்போது எந்த விளக்கு அணைந்திருந்தது, மழையா வெயிலா, வீட்டில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பவற்றை வீட்டிலுள்ள எல்லோரும் அதில் எழுத வேண்டும் என்று சொன்னேன். இந்த ஏழு ஆண்டுகளில் எனக்கு அதிகம் உதவிய கருவி அந்தக் கொப்பிதான். அதன் விலை ஒரு ரவுட்டர் விலையில் ஒரு சிறு துளி.

மூன்று வாரத்தில், நாங்கள் ஒரே நோய் என்று நினைத்தது வெவ்வேறு நோய்கள் என்பது தெரிந்தது. காலை ஆறு மணிக்குச் சற்று முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் நேர்ந்த துண்டிப்புகளில் எல்லா விளக்குகளும் ஒருமுறை அணைந்து எரிந்திருந்தன. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், அது எவ்வளவு நேரம் தொடர்ந்து இயங்குகிறது என்பதும், தொலைபேசிக் கம்பியுடனான தொடர்பு எவ்வளவு நேரம் நிலைத்திருக்கிறது என்பதும் தனித்தனியாகக் காட்டப்படும். முதலாவது பூச்சியத்திலிருந்து தொடங்கியிருந்தால் ரவுட்டரே நின்று எழும்பியிருக்கிறது என்று பொருள்; இரண்டாவது மட்டும் பூச்சியமானால் பிழை கம்பியில் இருக்கிறது. காலையிலும் மாலையிலும் நின்று எழும்பியது ரவுட்டர்தான். அந்த நேரங்களில் நாங்கள் கிணற்று மோட்டரைப் போடுவோம். ரவுட்டரும் மோட்டரும் ஒரே மின்சுற்றில் இருந்தன. மோட்டர் கிளம்பும் கணத்தில் மின்னழுத்தம் சற்று இறங்க, பழைய அடப்டர் அதைத் தாங்கவில்லை. ரவுட்டரை வேறு சுற்றிலுள்ள பிளக்குக்கு மாற்றியதோடு அந்தக் கதை முடிந்தது.

இரண்டாவது வகையை எங்கள் வீட்டில் நெடுநாள் பகிடியாகவே பேசிவந்தோம். கனடாவிலிருந்து அக்கா வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்தால் இணையம் போய்விடும். ஏடிஎஸ்எல் இணைப்பில் குரலும் தரவும் ஒரே கம்பியில், வெவ்வேறு அதிர்வெண்களில் ஓடுகின்றன. அவற்றைப் பிரிக்கும் சிறிய வடிகட்டியொன்று தொலைபேசிக் கருவி ஒவ்வொன்றுக்கும் முன்னால் இருக்க வேண்டும். கூடத்திலிருந்த தொலைபேசிக்கு அது இருந்தது. அம்மாவின் அறைக்குப் பிற்காலத்தில் நாங்களே இழுத்த தொலைபேசிக்கு இல்லை. அதற்கும் ஒன்று போட்டபின் மணியடித்தால் அறுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதிதான் உண்மையான வழக்கு.

அந்த மீதித் துண்டிப்புகளைக் கொப்பியில் தேடியபோது கண்ணில் பட்டது வானிலை. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் பதிவுகள் மிகக் குறைவு. மார்கழி மழையில் பக்கம் பக்கமாக இருந்தன. அதன்பின் ரவுட்டர் காட்டும் இரைச்சல் விளிம்பு என்ற எண்ணையும் குறிக்கத் தொடங்கினேன். கம்பியில் ஓடும் குறிப்பலை இரைச்சலை விட எத்தனை டெசிபெல் மேலே நிற்கிறது என்பதோடு தொடர்புடைய கணக்கு அது; 6 டெசிபெல்லுக்குக் கீழே போனால் இணைப்பு தள்ளாடத் தொடங்கும். எங்கள் வீட்டில் வெயில் நாளில் 11, மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் 4. ரவுட்டரின் பிழையென்றால் அது மழையையும் வெயிலையும் எங்ஙனம் அறியும்? தொலைபேசியின் ரிசீவரை எடுத்து ஓர் இலக்கத்தை மட்டும் அழுத்தி, மறுமுனையின் ஒலி நின்றபின் காதைக் கொடுத்தால், நல்ல கம்பியில் ஏறக்குறைய முழு அமைதி இருக்க வேண்டும். எங்களுடையதில் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல் கேட்டது.

முறைப்பாட்டு மேசை அதுவரை என்னிடம் சொன்னதெல்லாம் ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்பதுதான். எத்தனையோ முறை பாலம் கடந்து நகரத்துக் கிளை அலுவலகத்துக்கும் போய் வந்தேன். இந்த முறை இணையம் அறுகிறது என்று சொல்லவில்லை. தொலைபேசியில் இரைச்சல் கேட்கிறது என்று சொல்லி, இரண்டு மாத எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இரைச்சல் என்ற சொல் வேறு பிரிவுக்குப் போகிறது போலும், நான்காம் நாள் ஏணியோடு இருவர் வந்தார்கள். ஒழுங்கை முகப்பிலுள்ள தூணில், பிளாஸ்டிக் நாடா சுற்றிய பழைய ஜொயின்ட் ஒன்றைத் திறந்தபோது கம்பி முனைகளில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. வந்தவர்களில் இளையவர், “அண்ணன், இவ்வளவு நாளும் உப்புக் காத்து தின்ட கம்பியிலதான் உங்கட இன்டர்நெட் ஓடியிருக்கு” என்றார். களிம்பேறிய முனையின் மின்தடை ஒரு நிலையில் நிற்காது. ஈரம் ஏறினாலும், மணியடித்துக் கம்பியில் மின்னோட்டம் மாறினாலும் அது மாறும். அக்காவின் அழைப்பில் மீதியிருந்த மர்மமும் அத்தோடு விளங்கியது. அவர்கள் முனைகளை வெட்டி, பசை நிரப்பிய சிறிய இணைப்பிகளால் சேர்த்து, தூணிலிருந்து வீட்டுக்கு வரும் கம்பியையும் புதிதாக இழுத்தார்கள். அடுத்த மழைக்குப் பிறகும் எண் 9 க்குக் கீழே இறங்கவில்லை.

வைஃபை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பின்னறையில் மட்டும் அறுந்தவை அதன் வேலை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாமல் நிற்பவை 1, 6, 11 என்ற மூன்று அலைவரிசைகளே. அயல் வீடுகள் முழுவதும் 6 இல் குவிந்திருந்தன. 11 இல் நிலையாக வைத்தேன், போதுமாயிருந்தது. சந்தேகம் வரும்போது கேபிளால் இணைத்த கணினியில் இரண்டு சாளரங்களைத் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் மற்றதில் வெளியிலுள்ள 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கும் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) ஓட விடுவேன்; முதலாவதுக்குப் பதில் வந்துகொண்டிருக்க இரண்டாவது மட்டும் நின்றால் பிழை ரவுட்டருக்கு அப்பால் என்று கொள்ளலாம்.

ஏடிஎஸ்எல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விடயம். இடி மின்னல் நாட்களில் மின் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர். நானும் அப்படியிருந்துதான் ஒரு ரவுட்டரைச் சாகக் கொடுத்தேன். மின்னலின் வீச்சு தொலைபேசிக் கம்பி வழியாகவும் உள்ளே வரும். இரண்டையும் கழற்ற வேண்டும்.

2022 ஆம் ஆண்டைப் பற்றி எழுதினால் கொப்பி போதாது. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அந்த நாட்களின் துண்டிப்புகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் மின்சாரம் போனாலும் ரவுட்டரைப் பற்றரியில் ஓடவைக்கும் 12 வோல்ட் சிறிய யூபிஎஸ் வாங்கியது அப்போதுதான், அது இன்றும் பயன்படுகிறது. வாங்கும்போது அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டை மட்டும் பார்க்காமல் அம்பியரையும் பார்க்க வேண்டும். முதலில் வாங்கியது 1 அம்பியர்தான் தந்தது, ரவுட்டர் கேட்டது ஒன்றரை.

ஃபைபருக்கு மாறியபின் மழைக்கும் இணையத்துக்கும் இருந்த உறவு முறிந்துவிட்டது. கண்ணாடி இழை களிம்பேறாது, மின்னலை வீட்டுக்குள் அழைத்து வராது. இருந்தாலும் அதற்குத் துண்டிப்பே இல்லை என்று எவரும் சொன்னால் நம்ப வேண்டாம். சென்ற ஆண்டு வீட்டுக்குப் பெயின்ற் அடித்த பிறகு, ஒளி சரியாக வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு இடையிடையே மினுங்கத் தொடங்கியது. ஃபைபர் பெட்டிக்கு வந்துசேரும் ஒளியின் அளவை அமைப்புப் பக்கத்தில் பார்த்தேன். பொருத்திய நாளில் மைனஸ் 19 டிபிஎம் (ஒளியின் வலிமையை டெசிபெல்லில் சொல்லும் அலகு). அன்று மைனஸ் 28. ஒவ்வொரு 3 டெசிபெல் இழப்புக்கும் ஒளி பாதியாகும் என்பதால், எட்டில் ஒரு பங்குதான் வந்துகொண்டிருந்தது. மைனஸ் 27 க்குக் கீழே இந்தப் பெட்டிகள் தடுமாறும். அலுமாரியைச் சுவரோடு தள்ளியபோது அதன் பின்னால் கேபிள் கூர்மையாக மடங்கியிருந்தது. அலுமாரியை நகர்த்தி, ஒரு தேநீர்க் கோப்பையின் வாயளவுக்கு வளைவைத் தளர்த்தியவுடன் எண் பழைய இடத்துக்கு வந்தது. இதற்கும் நான் முறைப்பாடு செய்திருந்தால், ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லியிருப்பார்கள்.

எங்கள் பக்கம் ஃபைபர் வந்திருக்கும் ஒழுங்கையில் இருப்பவர்கள் செம்பை விட்டு மாறுவதே நல்லது என்பது என் எண்ணம். இன்னும் வராத இடத்தில் இருப்பவர்கள், ஜொயின்ட் திருத்திய பிறகும் எண் தாழ்ந்தே நின்றால், இரைச்சல் விளிம்பின் இலக்கை 6 இலிருந்து 9 டெசிபெல்லுக்கு உயர்த்தித் தரும்படி நிறுவனத்திடம் கேட்கலாம். வேகம் கொஞ்சம் குறையும், அறுவதும் குறையும். பிள்ளை பரீட்சைக்குப் படிக்கும் வீட்டில் அது நல்ல பண்டமாற்று.

கொப்பி இப்போதும் ரவுட்டருக்கு அருகில்தான் இருக்கிறது. இந்த ஆண்டில் இதுவரை மூன்று பதிவுகள். கடைசிப் பதிவு மகளின் கையெழுத்தில் இருக்கிறது: மின்வெட்டு, யூபிஎஸ் ஒரு மணித்தியாலம்கூடத் தாங்கவில்லை, பற்றரி மாற்ற வேண்டும்.