அலமாரிக்கு நீரில் கலக்கும் எனாமல்: பூசிப் பார்த்த பின்

இருபது ஆண்டுகளாகப் படுக்கையறையில் நிற்கும் தேக்கு அலமாரிக்கு, டர்பென்டைன் நெடி வேண்டாம் என்பதற்காகவே நீரில் கலக்கும் சாட்டின் (மிதமான பளபளப்புள்ள) எனாமலை வாங்கினேன். நெடி உண்மையிலேயே குறைவு. மறுநாள் இரவே அவ்வறையில் உறங்க முடிந்தது. வழுவழுப்பு பெயிண்டைவிட அடித்தள வேலையையே பொறுத்தது என்பதால், பழைய வார்னிஷை 120 எண் உப்புத்தாளால் தேய்த்து, கீறல்களைப் பட்டி வைத்து அடைத்து, 220 எண் தாளால் மீண்டும் தேய்த்து, தூசியை ஈரத்துணியால் துடைத்த பிறகே அடிப்பூச்சான பிரைமரை அடித்தேன். குறை அங்கேதான் தெரிந்தது: அதே நிறுவனத்தின் நீர்வகைப் பிரைமரையும் மீறித் தேக்கின் பழுப்புக் கறை வெள்ளையில் கசிந்தது; அரக்குப் பாலிஷ் ஒரு கை பூசிய பின்னரே அடங்கியது. டப்பாவில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பிரஷ் தடம் விழாதிருக்க, சிறிய நுரை ரோலரால் மூன்று மெல்லிய பூச்சுகள் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் இடையே 320 எண் தாளால் லேசாகத் தேய்த்தேன். வெயிலில் இது விரைவாக இறுகுவதால், பாதி காய்ந்த இடத்தை மறுபடி உருட்டினால் திட்டுத் திட்டாகிவிடுகிறது. காலை வேளையே உகந்தது. தொடுவதற்குக் காய்ந்திருந்தும் கதவுகள் இரண்டு வாரம் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன. விலை எண்ணெய் எனாமலைவிடக் கூடுதல்தான். இருந்தும் கட்டிலுக்கு இதையே வாங்குவேன், பிரைமரை மட்டும் மாற்றிக்கொண்டு.