டோரியன் கெட்ட கதையும் லூசியன் கெட்ட கதையும்

அழகான ஓர் இளைஞன். தன் அழகின் மேல் அவனுக்கே மயக்கம். காதில் ஓதுவதற்கு வயதில் மூத்த ஒரு மனிதர். கடைசியில் சீரழிவு. இந்த வகை நாவல் என்றதும் பெரும்பாலோர் சொல்வது ஆஸ்கர் வைல்டின் ‘டோரியன் கிரேயின் ஓவியம்’. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1837 முதல் 1843 வரை மூன்று பாகங்களாக, பால்சாக் பிரெஞ்சில் ‘கலைந்த மாயைகள்’ எழுதிவிட்டார். அதன் நாயகன் லூசியன் த ருபம்ப்ரே. வைல்டுக்கு இவனை நன்றாகவே தெரியும். 1889இல் அவர் வெளியிட்ட ஓர் உரையாடல் கட்டுரையில் வரும் பாத்திரம், லூசியனின் மரணம் தன் வாழ்வின் பெரிய சோகங்களில் ஒன்று என்று சொல்கிறது. அடுத்த வருடமே டோரியன் வந்துவிட்டான்.

இரண்டில் எது நம்மை அதிகம் கலங்கடிக்கிறது என்று கேட்டால், நான் பால்சாக் பக்கம். ஆனால் ஒரு இடத்தில் வைல்ட் அவரைத் தாண்டிப் போகிறார். அதைப் பிறகு சொல்கிறேன்.

டோரியன் கதை பலருக்கும் தெரிந்ததுதான். ஓவியர் பேசில் ஹால்வர்ட் அவனை வரைகிறார். அங்கே வந்திருக்கும் ஹென்றி பிரபு, இளமை போனால் எல்லாம் போயிற்று என்று பேசிப் பேசியே பையனைப் பயமுறுத்துகிறார். படம் கிழடாகட்டும், நான் இப்படியே இருக்கிறேன், அதற்கு என் ஆன்மாவையே தருகிறேன் என்கிறான் டோரியன். அப்படியே நடக்கிறது. நடிகை சிபில் வேனை அவன் உதறித் தள்ளிய இரவில் படத்தின் வாயோரம் முதல் கொடூரக் கோடு விழுகிறது. அவள் விஷம் குடித்துச் செத்துப்போகிறாள். மறுநாள் இரவே ஹென்றி பிரபுவோடு ஆபராவுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறான் இவன்.

இங்கேதான் எனக்கு வைல்டிடம் ஒரு குறை. செய்த பாவமெல்லாம் எங்கோ பதிவாகிறது என்பது பயமுறுத்தும் கற்பனைபோலத் தெரியும். யோசித்தால் அது ஒரு ஆறுதல். மாடி அறையில் யாரோ கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்கள், ஒரு கோடுகூட விட்டுப்போவதில்லை என்றால், உலகம் நியாயமாகத்தானே நடக்கிறது? கடைசியில் டோரியன் படத்தைக் குத்துகிறான், தானே செத்து விழுகிறான், சுருங்கிப்போன கிழ உடலை மோதிரங்களை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள். கணக்கு நேராகிவிட்டது. 1890இல் பத்திரிகையில் கதை வந்ததும் ஒழுக்கக்கேடு என்று சத்தம் கிளம்பியது, டபிள்யூ.எச். ஸ்மித் நிறுவனம் தன் கடைகளிலிருந்து அந்த இதழை எடுத்தே விட்டது. வைல்டின் பதிலோ நேர்மாறானது. கதையில் ஒரு பயங்கரமான நீதி இருக்கிறது, புத்தகத்தில் உள்ள ஒரே குறை அதுதான் என்று பத்திரிகைக்கு எழுதினார். அவர் சொன்னதே சரி.

பால்சாக்கிடம் அப்படி ஒரு படம் கிடையாது. லூசியன் பாரிஸுக்கு வருவது அங்குலேம் என்ற சிற்றூரிலிருந்து. அப்பா மருந்துக் கடைக்காரர். அப்பா வழிப் பெயர் பிடிக்காமல் அம்மா வழிப் பிரபுக் குடும்பப் பெயரைப் போட்டுக்கொள்கிறான். தற்பெருமை முதலில் தெரிவதே அதில்தான். கவிதைத் தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறான். அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஒரு பதிப்பாளர் திருப்பிக் கொடுக்கிறார். பழிவாங்க, அவர் வெளியிட்ட, நத்தான் என்ற எழுத்தாளரின் நாவலைத் தாக்கி எழுது என்று லூஸ்தோ என்ற பத்திரிகைக்காரன் சொல்லித் தருகிறான். லூசியனுக்கு அந்த நாவல் உண்மையிலேயே பிடித்திருந்தது. இருந்தாலும் எழுதுகிறான், பிரமாதமாக எழுதுகிறான். பதிப்பாளர் ஓடி வந்து, அச்சிடும் எண்ணமே இல்லாமல், 3,000 பிராங்குக்குக் கவிதைகளை வாங்கிக்கொள்கிறார். அப்புறம் அதே நாவலைப் புகழ்ந்து இன்னொரு பத்திரிகையில் எழுதச் சொல்கிறார்கள். எழுதியதை நானே நம்பிவிட்டேனே என்று விழிக்கிறான் லூசியன். சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அவன் புகழ்ந்தும் எழுதிவிடுகிறான்.

ஒரு மனிதன் கெட்டுப்போவது இப்படித்தான் என்று நினைக்கிறேன். சபதம் இல்லை, மின்னல் இல்லை. ஒரு கட்டுரை, கொஞ்சம் கைதட்டல், அதற்குள் அடுத்த கட்டுரைக்கு நேரமாகிவிடுகிறது.

இதன் உச்சம் தார்தேஸ் வரும் இடம். லூசியனுக்கு வறுமையிலும் கைகொடுத்த நல்ல நண்பன் அவன். காதலி கொராலியின் நடிப்பு வாழ்வைக் காப்பாற்ற வேண்டுமானால் தார்தேஸின் புத்தகத்தை லூசியன் விமர்சனத்தில் கிழிக்க வேண்டும் என்ற நிலை வருகிறது. அழுதுகொண்டே எழுதுகிறான். எழுதியதை எடுத்துக்கொண்டு இரவில் தார்தேஸிடமே போகிறான். தார்தேஸ் அதைப் படித்து, தானே உட்கார்ந்து திருத்தி எழுதித் தருகிறான். இந்தப் பக்கங்களை வைத்துப் பார்த்தால் டோரியன் பேசிலைக் கொல்லும் காட்சிகூட எனக்கு மேடை நாடகமாகத்தான் படுகிறது.

கொராலி இறந்தபின் அடக்கச் செலவுக்காகப் பிணத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து குடிப்பாட்டு எழுதுகிறான். அவளுடைய பணிப்பெண் பெரெனிஸ் தெருவில் நின்று தன்னை விற்று இருபது பிராங்கு கொண்டுவந்து தருகிறாள். எப்படி வந்த பணம் என்று தெரிந்தும் வாங்கிக்கொள்கிறான். ஊரிலோ அவன் தாவித்தின் கையெழுத்தைத் தானே போட்டுவிட்ட மூன்று கடன் சீட்டுகள் குடும்பத்தை முழுங்கிக்கொண்டிருக்கின்றன. தாவித், லூசியனின் தங்கையின் கணவன், அச்சகக்காரன். கடனுக்காகச் சிறைக்குப் போகிறான். லூசியனின் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. படத்திலும் இல்லை. விழுந்ததெல்லாம் தங்கை வீட்டில். பால்சாக்குக்கு இந்தக் கணக்கெல்லாம் அத்துப்படி. 1820களில் அச்சகம் நடத்திக் கடனில் மூழ்கியவர் அவர்.

கெடுப்பவர்களை எடுத்துக்கொண்டால் நிலைமை மாறுகிறது. தற்கொலைக்குக் கிளம்பிய லூசியனை வழியில் நிறுத்துவது கார்லோஸ் எரேரா என்ற ஸ்பானியப் பாதிரி. உண்மையில் அவன் வோத்ரன் என்ற தப்பியோடிய கைதி. பால்சாக்கின் ‘கோரியோ கிழவர்’ நாவலில் இன்னொரு இளைஞனுக்கு இதே வலையை விரித்தவன்: ஒரு பணக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள், அவள் அண்ணன் சாவதை நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்கு இரண்டு லட்சம் பிராங்கு. வோத்ரனின் பேரம் வெளிப்படையானது. பணம் போடுகிறான், உயிரைப் பணயம் வைக்கிறான், பையன் மேல் அவனுக்குப் பாசமும் இருக்கிறது.

ஹென்றி பிரபு எதையும் போடுவதில்லை. பேச்சு மட்டும்தான். நீ ஒழுக்கமாக ஒன்றும் பேசுவதில்லை, தவறாக ஒன்றும் செய்வதுமில்லை என்று பேசில் அவரிடம் சொல்லும் வரி நாவலின் சாவி. கடைசிப் பகுதியில், பேசிலை நானே கொன்றேன் என்று சொன்னால் என்ன சொல்வீர்கள் என்று டோரியன் கேட்கிறான். அவருக்கு அது வெறும் பாவனையாகப் படுகிறது. தன் பேச்சு எங்கே போய் முடிந்தது என்பதே அந்த மனிதருக்குத் தெரியாது. வோத்ரனைப் போன்றவர்களை வாழ்க்கையில் சந்திப்பது அபூர்வம். ஹென்றிகள் ஒவ்வொரு விருந்திலும் இருக்கிறார்கள்.

வைல்ட் தாண்டிப் போகும் இடம் இதுவல்ல, ஹெட்டி மெர்டன் விஷயம். திருந்த நினைக்கும் டோரியன், கிராமத்துப் பெண் ஒருத்தியைக் கெடுக்காமல் விட்டுவிட்டு, படம் அழகாகியிருக்கிறதா என்று விளக்கை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடுகிறான். படத்தில் புதிதாகத் தெரிவது கள்ளத்தனமும் பாசாங்கும்தான். நல்லது செய்ததும் கண்ணாடி பார்க்கப் போகிற புத்தி! தற்பெருமையைப் பற்றி இதைவிடக் கூர்மையாக எழுதிய பக்கம் எனக்குத் தெரியாது. லூசியனும் தன்மேல் பரிதாபப்பட்டு அடிக்கடி அழுகிறான். ஆனால் அந்தக் கண்ணீரை இவ்வளவு இரக்கமில்லாமல் பால்சாக் கிழித்துப் பார்ப்பதில்லை. அவருக்கு லூசியனைக் கொஞ்சம் பிடித்துப்போய்விட்டது.

படிக்க நினைப்பவர்களுக்கு: வைல்டின் நாவலை இரண்டு இரவில் முடித்துவிடலாம். 1891இல் புத்தகமாக வந்த 20 அத்தியாய வடிவத்தில் நகைகள், வாசனைகள், துணிகள் என்று நீளும் பதினோராம் அத்தியாயத்தை வேகமாகப் புரட்டினால் நஷ்டமில்லை. பால்சாக்கின் முதல் பாகத்தில் அச்சுப்பொறி விவரமும் சிற்றூர் வம்பும் பொறுமையைச் சோதிக்கும். லூசியன் பாரிஸுக்கு வரும்வரை தாக்குப்பிடியுங்கள். அவன் முடிவு தெரிய வேண்டுமானால் அடுத்த நாவலுக்கும் போக வேண்டும். அதில் லூசியன் சிறையில் தூக்குப் போட்டுக்கொள்கிறான். வோத்ரனுக்குக் காவல் துறையில் தலைமைப் பதவி கிடைக்கிறது. சுமார் பதினைந்து வருடம் உத்தியோகம் பார்த்துவிட்டு ஓய்வுபெறுகிறான்.