எழுந்து நிற்க எந்தப் பாட்டு?

பாரதியின் (1882–1921) 'அச்சமில்லை', 'சென்றதினி மீளாது' இரண்டுமே தெம்பு தருகிற பாடல்கள்தான். ஆனால் தருகிற விதம் வேறு.

'அச்சமில்லை'யில் அடிதோறும் எதுகை (இரண்டாம் எழுத்து ஒத்து வருவது) ஒன்றே: இச்சகத்து, துச்சமாக, பிச்சை, உச்சிமீது. அந்த 'ச்ச' காலை ஓங்கி மிதிப்பது போல விழுகிறது. "வானிடிந்து வீழுகின்ற போதினும்" என்று ஆபத்தைச் சொன்ன கையோடு "அச்சமில்லை" என்ற பதிலும் வந்துவிடும். இது ஏற்கெனவே நிமிர்ந்து நிற்பவனின் முழக்கம்.

மற்றது எண்சீர் விருத்தம், அதாவது அடிக்கு எட்டுச் சீர் (சொற்கட்டு) வருகிற பாட்டு. அச்சில் எட்டு வரியாகத் தெரிந்தாலும் நாலே அடி. சென்றது, கொன்று, இன்று, தின்று என்று எதுகை மென்மையாகத் தொடுகிறது. முதல் பாதி நம்மைக் கவலைக் குழிக்குள்ளேயே வைத்திருக்கிறது. "மூடரே" என்று திட்டவும் செய்கிறது, வீட்டுப் பெரியவர் திட்டுகிற மாதிரி. மூன்றாம் அடியில்தான் திருப்பம்: "இன்று புதிதாய்ப் பிறந்தோம்".

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அதுவரை 'நீர்' என்று முன்னிலையில் பேசியவர், இந்த இடத்தில் 'பிறந்தோம்' என்கிறார். நாம் நமக்கே சொல்லிக்கொள்ள வேண்டிய வாக்கியத்தை வாயில் எடுத்துக் கொடுக்கிறார். அப்புறம் "தின்று விளையாடி". காய்ச்சல் விட்ட பிள்ளை முதலில் கேட்பதும் சோறுதானே!

போராட்டத்துக்குப் போகிறவருக்கு முதல் பாட்டு சரி. படுக்கையிலிருந்து எழுகிறவருக்கு நான் இரண்டாவதைத்தான் கொடுப்பேன். விழுந்ததை அது மறைக்கவில்லை.