மாருனியின் இரண்டு நாற்காலிகள்: ஹிரோஷிமாவும் லைட்வுட்டும்

ஜப்பானின் ஹிரோஷிமாவில் 1928இல் தொடங்கப்பட்ட மாருனி மரச்சாமான் நிறுவனத்துக்காக நவோதோ ஃபுகசாவா 2008இல் வடிவமைத்த நாற்காலிக்கு அந்த ஊரின் பெயரே வைக்கப்பட்டது. லண்டனில் பிறந்த ஜாஸ்பர் மாரிசன் அதே நிறுவனத்துக்கு 2011இல் லைட்வுட்டைத் தந்தார். நாடு வேறானாலும் இருவரின் நோக்கும் ஒன்றே. கண்ணைப் பறிக்காத அன்றாடப் பொருள்களை மட்டுமே திரட்டி, 'சூப்பர் நார்மல்' என்ற கண்காட்சியை 2006இலேயே டோக்கியோவில் சேர்ந்து நடத்தியவர்கள் அவர்கள்.

ஹிரோஷிமாவைப் பார்த்த மாத்திரத்தில், இதில் வியக்க என்ன இருக்கிறது என்றே தோன்றும். கைப்பிடியின் முனையிலிருந்து முதுகுப்பக்கம் வரை விரலை ஓட்டிப் பார்த்தால்தான் விஷயம் புரியும். முன்கை படியும் இடத்தில் தட்டையாகத் தொடங்கும் மரம், பின்னே போகப்போக மெல்லத் திரும்பி, முதுகைத் தாங்கும் இடத்தில் சதைப்பற்றோடு நிமிர்கிறது; எந்த இடத்தில் திரும்பியது என்று விரலால் சொல்ல முடிவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் பொருத்தைத் தேடினேன், அகப்படவில்லை. கணினி வழி இயங்கும் இயந்திரம் மரத்தைக் கடைந்து வடிவத்துக்குக் கொண்டுவந்தாலும், கடைசித் தேய்ப்பு கைவேலைதான். கைவினையைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவருவது என்பது இந்நிறுவனம் தொடக்கம் முதலே சொல்லிவரும் கொள்கை. இப்படிப்பட்ட வாசகங்களை நான் எளிதில் நம்புவதில்லை என்றாலும், இங்கே அதற்குக் கைப்பிடியே சாட்சி.

லைட்வுட்டின் இயல்பு வேறு. மாரிசன் மேப்பிள் மரச்சட்டங்களை இனியும் இழைத்தால் ஒடிந்துவிடுமோ என்று அஞ்சும் அளவுக்கு மெலியவைத்திருக்கிறார். ஆனால் உட்கார்ந்து சற்றே பின்னுக்குச் சாய்ந்தால் அசைவும் இல்லை, முனகலும் இல்லை. ஒரே கையால் தூக்கி அடுத்த அறைக்குக் கொண்டுபோகலாம். சட்டம் மெலியமெலியப் பொருத்துக்குக் கிடைக்கும் மரமும் குறைவதால், தச்சர் செய்யும் சிறு பிழையைக்கூட மறைக்க இதில் இடமில்லை. அலங்கார வேலைப்பாடுள்ள நாற்காலியைவிட இத்தகைய எளிய நாற்காலி செய்வது கடினம் என்பதற்கு இதுவே காரணம்.

நெடுநேரம் உட்கார்ந்து படிப்பவருக்கு என் பரிந்துரை ஹிரோஷிமாதான். மரத்தாலேயே ஆன இருக்கையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அமர்வது எனக்குச் சிரமமாக இருந்ததால், மெத்தை தைத்த இருக்கையையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். ஈரக் கோப்பையைக் கைப்பிடியின் மேல் வைக்கும் பழக்கமுள்ளவர்கள் வெளிர் நிற மரத்தைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் கறை பளிச்சென்று தெரியும். உணவு மேசைக்கென்று வாங்குவதானால், மேசைப் பலகையின் அடிப்புறம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை முதலில் அளந்துகொள்ளுங்கள். கைப்பிடி அதில் இடித்தால் நாற்காலி உள்ளே போகாமல் நடைவழியில்தான் நிற்கும்.