தூணில் நிற்பதா, நீரில் மிதப்பதா, நீரோடு எழுவதா?

வெள்ளம் வந்துபோகும் கரையோர நகரங்களில் பள்ளியோ சமுதாயக் கூடமோ கட்ட நினைப்பவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. கட்டடத்தைத் தூண்கள்மேல் உயர்த்தலாம், நிரந்தரமாக மிதக்க விடலாம், அல்லது வறண்ட காலத்தில் தரையில் அமர்ந்து வெள்ளம் வரும்போது தானாக எழும்படி அமைக்கலாம்.

முதல் இரண்டையும் நைஜீரியாவின் லாகோஸ் நகரக் காயலில், மகோகோ என்னும் குடியிருப்பில் அருகருகே பார்க்க முடிந்தது. அங்குள்ள மீனவக் குடும்பங்கள் தலைமுறைகளாகச் சேற்றில் மரக்கால்களை ஊன்றி, அவற்றின்மேல் வீடு கட்டி, படகிலேயே போய்வருகின்றன. கட்டடக் கலைஞர் குன்லே அடேயெமி 2013இல் அதே நீரில் மூன்றடுக்கு மிதக்கும் பள்ளியை அமைத்தார். பிளாஸ்டிக் பீப்பாய்கள் தாங்கிய தளத்தின்மேல், அகன்ற அடியும் ஒடுங்கிய உச்சியுமாக மரச்சட்டங்கள் எழுந்தன. நீர் எவ்வளவு ஏறினாலும் கூடவே ஏறுவது அதன் பெரும் பலம். தூண் வீட்டுக்கோ, கட்டிய அன்று வைத்த உயரம்தான் கடைசிவரை. ஆயினும் 2016 ஜூனில் பெய்த பெருமழையில் அந்தப் பள்ளி சரிந்து விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை என்பது பெரும் ஆறுதல். மரக்கால் உளுத்தால் வீட்டுக்காரரே மாற்றிவிடுவார். மிதக்கும் கட்டடத்திலோ பிணைப்பு, கட்டுக்கயிறு, பீப்பாய் எல்லாவற்றையும் இடைவிடாமல் கவனிக்க ஆளும் பணமும் வேண்டும். அதற்கு வழிசெய்யாமல் இப்படியொரு பள்ளியைத் தொடங்குவது பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்கு என்றே கருதுகிறேன்.

மூன்றாம் வழிக்கு டாக்கா அருகே தெற்கு கனார்சோரில் சைஃப் உல் ஹக் வடிவமைத்த மூங்கில் பள்ளி நல்ல சான்று. அது ஆண்டில் ஐந்து மாதம்வரை வெள்ளம் நிற்கும் ஆற்றோர நிலம். மண் கொட்டி மேடாக்கினால் அங்குள்ள இயற்கைச் சூழல் கெடும். தூண் நட்டால் மழையற்ற மாதங்களில் சின்னஞ்சிறு பிள்ளைகள் வீணே உயரம் ஏறி இறங்க வேண்டும். ஆகவே எஃகு டிரம்கள் பொருத்திய தளம் கோடையில் தரையில் அமர்கிறது. நீர் வந்தால், ஊன்றிய மூங்கில் கம்பங்களோடு பிணைந்தபடியே மேலெழுகிறது. 2019இல் இது ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது.

மெல்ல ஏறும் ஆற்றுநீருக்கு நான் இதையே தேர்வேன். புயலும் அலையும் நேரே மோதும் கடற்கரைக்கு மிதவை எதுவும் பொருந்தாது. அங்கே கான்கிரீட் தூண்கள்தான் வேண்டும். வங்கதேசக் கடலோரப் புயல் காப்பகங்கள் பல அப்படித்தான் நிற்கின்றன: கீழ்த்தளம் கடல்நீர் புகுந்து வெளியேறத் திறந்திருக்கிறது, மேல்தளத்தில் மற்ற நாட்களில் வகுப்புகள் நடக்கின்றன.