பெட்டியா, தாளா, ஸ்கேனா?

பெங்களூரில் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகக் காப்பகத்தில் பழைய நிர்வாகக் காகிதங்கள் 60 பெட்டி இருக்கின்றன. அதில் ஒரு கோப்பின் பெயர் ‘பொது – பலவகை’. பட்டியலில் அவ்வளவுதான் எழுதியிருந்தது. ஓசூரிலிருந்து வந்த ஆய்வு மாணவி ஒருவர் விடுதிச் சாப்பாடு பற்றிய காகிதம் ஏதாவது உண்டா என்று கேட்டார். தேடிப் பார்த்துவிட்டு, “அப்படி ஒண்ணும் இல்லையேம்மா” என்று அனுப்பிவிட்டேன். மூன்று மாதம் கழித்து வேறு எதற்கோ அந்தக் கோப்பைத் திறந்தால், 1962 முதல் 64 வரை மாணவர்கள் கொடுத்த மனுக்கள்! சாம்பார் தண்ணீராக இருக்கிறது என்று தமிழில் ஒன்று, சோறு போதவில்லை என்று கன்னடத்தில் இரண்டு. அந்தப் பெண் அதற்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டார்.

அன்றிலிருந்து பட்டியலைத் திருத்தும் பேச்சு ஓடுகிறது. மூன்று கட்சிகள்.

முதல் கட்சி, தாள் தாளாக எழுதச் சொல்கிறது: யார் யாருக்கு எழுதியது, தேதி, விஷயம், உள்ளே வரும் பெயர்கள். தேடி வருபவருக்கு இதைவிடச் சுகம் கிடையாது. ஆனால் ஒரு கடிதத்துக்கு எனக்கு 20 நிமிடம் ஆகிறது. பெட்டிக்கு 300 தாள் என்று வைத்தால் 100 மணி நேரம். 60 பெட்டிக்கு 6,000. நாளுக்கு 7 மணி நேரம் உட்கார்ந்தாலும் 857 வேலை நாள். நாங்கள் இருப்பதோ இரண்டு பேர்.

இரண்டாம் கட்சி, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்று, மீதியைத் தேடல் பார்த்துக்கொள்ளும் என்கிறது. மேலிடத்துக்குப் பிடித்தது இதுதான். ஸ்கேனர் பக்கத்தில் நின்றால் படம் நன்றாக வரும். ஆங்கிலத் தட்டச்சுத் தாள்களை ஓசிஆர், அதாவது படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருள், ஓரளவு படித்துவிடுகிறது. தமிழில் கதை வேறு. 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முந்தைய தாள்களில் ‘லை’, ‘ணை’ எல்லாம் தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தில் இருக்கும். அங்கே தடுக்கி விழுகிறது. கையெழுத்து என்றால் கேட்கவே வேண்டாம். விவரம் எழுதாமல் ஏற்றிய ஸ்கேன் இணையத்துக்குக் குடிபோன ‘பலவகை’க் கோப்புதான்.

மூன்றாவது, கோப்பு அளவில் சுருக்கமாக எழுதி அந்த விவரம் எல்லாவற்றையும் உடனே இணையத்தில் வைப்பது. மார்க் கிரீன், டென்னிஸ் மைஸ்னர் என்ற இரு அமெரிக்க ஆவணக் காப்பாளர்கள் 2005-ல் வாதிட்டது ஏறக்குறைய இதைத்தான். காப்பகப் பொருள்களை எப்படி விவரிப்பது என்று சொல்லும் ஐசாட்-ஜி என்ற சர்வதேச நெறியும் கட்டாயமாகக் கேட்பது ஆறு விவரம்தான்: குறியீடு, தலைப்பு, உருவாக்கியவர், காலம், அளவு, எந்த அடுக்கு (வரிசையா, கோப்பா, தாளா) என்பது. கோப்புக்கு 15 நிமிடம், பெட்டிக்கு 12 கோப்பு என்றால் மொத்தம் 180 மணி நேரம், 26 வேலை நாள். நான் இந்தக் கட்சி.

ஆனால் தலைப்பில் கஞ்சத்தனம் கூடாது. ‘விடுதிச் சாப்பாடு குறித்த மாணவர் மனுக்கள், 1962–64, தமிழ், கன்னடம், ஆங்கிலம்’ என்று எழுதியிருந்தால் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருக்கும். ஊர்ப் பெயரும் படுத்தும். தாளில் பங்களூர், பெங்களூர் என்று இருக்கும்; 2014-லிருந்து அரசுப் பெயர் பெங்களூரு. ஒன்றை முதன்மையாக வைத்து மற்றவற்றை மாற்று வடிவமாக இணைக்காவிட்டால், ஒன்றைத் தேடுபவருக்கு மற்றது அகப்படாது.

சாஃப்ட்வேரில் பெரிய சண்டை இல்லை. நூலகத்தில் ஆய்வேடுகளுக்காக டிஸ்பேஸ் என்ற மென்பொருள் ஏற்கெனவே ஓடுகிறது, அதிலேயே போடலாமே என்றார்கள். ஆய்வேடு தனியாக நிற்கும் பொருள். அதற்கு டிஸ்பேஸ் சரி. கடிதம் கோப்புக்குள், கோப்பு வரிசைக்குள் என்று அடுக்காகக் காட்ட ஆட்டம் (AtoM; ஆட்டம் பாமில் வரும் அதே உச்சரிப்பு) என்ற மென்பொருள் தோது. இலவசம், காப்பகத்துக்கென்றே செய்தது, தமிழ் எழுத்திலும் விவரம் ஏற்றலாம்.

தாள் தாளாக எழுதுவதை நான் அடியோடு விடவில்லை. அடிக்கடி கேட்கப்படும் கோப்புகளுக்கு மட்டும் அது. மனுக் கோப்பை முதலில் எடுத்தேன். சில மனுக்களில் மாணவரின் நோய், அப்பாவின் சம்பளம் வரை இருக்கிறது. அதனால் விவரத்தை மட்டும் ஏற்றினேன். ஸ்கேன் உள்ளேயே இருக்கிறது. பார்க்க வேண்டியவர் நேரில் வரலாம். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது.